டாய்லெட்: ஒரு துண்டுத் துணியும் அதன் அடியில் இருக்கும் கைகளும்

1

குளிக்கிற சோப்பின் உறையில் பொடி எழுத்தில் 'டாய்லெட் சோப்' என்று போட்டிருக்கும். பக்கத்தில் தரம் 1, தரம் 2 என்று ஒரு எண். முகத்தில் பூசுகிற சோப்புக்கு எதுக்கு இந்தப் பெயர் என்று கடைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். 'கக்கூசுக்குப் போய்ட்டு வந்து கை கழுவுறதுக்கா இருக்கும்' என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோப்பு உறை இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் நேற்றைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்கிறோம். இந்த ரெண்டு ஆங்கிலத்துக்கும் நடுவே இச்சொல் எங்கெல்லாம் போய்வந்தது, யார் யார் வீட்டில் புழங்கியது, யாருடைய கைகளை மறைத்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

வேர்ச்சொல் தேடுவது பண்டிதர் வேலை என்று நம் நண்பர்களில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நம்மூரில் அது பெரும்பாலும் 'எல்லாம் எங்களிடமிருந்தே போனது' என்று நிறுவுகிற காரியமாகவே நடந்திருப்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. தோற்றுவாயைக் கண்டுபிடித்துக் கொடி நடுகிற ஆசை நமக்கு வேண்டாம். ஒரு சொல் எப்போது இடம்பெயர்கிறது, எதைக் கண்டு ஓடுகிறது, ஓடும்போது யாரை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறது என்று மட்டும் பார்ப்போம். அதிகாரம் சட்டப் புத்தகத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. சமையலறை, குளியலறை, கொல்லைப்புறம் என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்களில்தான் அது ரொம்பச் சவுகரியமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

2

பிரெஞ்சில் 'துவால்' என்றால் நெசவுத் துணி. சிலந்தி பின்னுகிற வலைக்கும் அங்கே அதே சொல்தான். அதன் தாய் லத்தீனில் 'டேலா'. தறியில் ஓடும் பாவையும் நெய்த துணியையும் குறித்தது. அதற்கும் அடியில் 'டெக்ஸெரே', அதாவது நெய்தல். டெக்ஸ்டைல் இங்கிருந்து வந்தது. டெக்ஸ்டும் இங்கிருந்தே வந்தது. பிரதி, பிரதி என்று தொண்ணூறுகள் முழுக்கச் சிறுபத்திரிகைகளில் வாய் ஓயாமல் பேசினோமே, அந்த டெக்ஸ்டும் டாய்லெட்டும் ஒரே தறியில் இறங்கிய துணிகள். முகம் சுளிக்க வேண்டியதில்லை. பஞ்சில் திரித்த இழையையும் படிக்கிற புத்தகத்தையும் 'நூல்' என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறவர்கள்தானே நாம்.

'துவால்' என்பதோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து 'துவாலெத்' ஆனது; சின்னத் துணி. 16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தபோது உடுப்புகளைச் சுற்றிவைக்கிற உறைத்துணி என்றுதான் அர்த்தம். அடுத்த நூற்றாண்டில் அது ஒப்பனை மேசைமேல் விரிக்கும் துணி. பிறகு துணியின் மேல் பரப்பிய சீப்பும் கண்ணாடியும் பவுடர் டப்பாவும் டாய்லெட். பிறகு மேசையே டாய்லெட். அதன் பிறகு மேசையின் முன் உட்கார்ந்து சிங்காரித்துக்கொள்ளும் காரியம் டாய்லெட். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காரியம் நடக்கும் அறைக்கு அந்தப் பெயர் போனது. அமெரிக்காவில் உடை மாற்றும் அறையோடு குளியலறையும் குழாயும் வந்து சேர்ந்தபோது அறையின் பெயர் மெல்ல மெல்ல அறைக்குள் பதித்த பீங்கானின் பெயராயிற்று. ஒரு பெயர் தன்னோடு தொடர்புடைய இன்னொரு பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. நாலைந்து ஆகுபெயர்கள், சுமார் முந்நூற்றைம்பது வருஷம், துணி பீங்கானாகிவிட்டது. சோப்பும் வாசனைத் தண்ணீரும் மட்டும் பழைய மேசையிலேயே தங்கிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேசையாக இருந்த காலத்தில் டாய்லெட் மறைவிடமாக இல்லை. அது ஒரு சபை. பிரெஞ்சு அரசவையைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட ஆங்கிலச் சீமாட்டிகள் 18ஆம் நூற்றாண்டில் தலைவாரிக்கொண்டே விருந்தாளிகளை வரவேற்றார்கள். அலெக்சாண்டர் போப் 1714இல் விரித்தெழுதிய 'ரேப் ஆஃப் த லாக்' என்ற அங்கதக் காவியத்தில் நாயகி டாய்லெட்டின் முன் அமர்வது ஒரு பூசைபோல வருகிறது. பணிப்பெண் துணைப் பூசாரி. மேசைமேல் இந்தியாவின் மணிகள், அரேபியாவின் வாசனைத் திரவியங்கள். வில்லியம் ஹோகார்த் 1743 வாக்கில் தீட்டி, இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'மேரேஜ் அ-லா-மோட்' ஓவிய வரிசையின் நான்காவது படத்துக்குப் பெயரே இதுதான். பிரபுவின் மனைவிக்குச் சிகை அலங்காரம் நடக்கிறது. ஒருவன் பாடுகிறான், ஒருவன் குழலூதுகிறான். பின்னால் ஒரு கறுப்பினப் பணியாள் சாக்லேட் பானம் பரிமாறுகிறான். முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்புச் சிறுவன் தரையில் உட்கார்ந்து பொம்மைகளோடு இருக்கிறான்.

ஆக டாய்லெட் என்ற சொல் நாகரிகத்தின் உச்சியில் இருந்த காலத்திலேயே அதன் ஓரத்தில் வேலை செய்கிற கைகள் நின்றுகொண்டிருந்தன. ஹோகார்த் அவர்களை வரையவாவது செய்தார். சொல் பீங்கானுக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்திரத்திலிருந்தே அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

3

ஒப்பனை மேசையின் பெயர் எதற்காக மலக்குழிக்கு மேல் போய் உட்கார வேண்டும்? அந்த இடத்தில் ஏற்கனவே இருந்த பெயர்கள் நாறிவிட்டன என்பதுதான் பதில். ஆங்கிலத்தில் இது ஒரு நீண்ட வரிசை. 'கோங்' என்ற பழஞ்சொல்லின் பொருள் 'போதல்'. நாம் 'வெளிக்குப் போறது' என்கிறோமே, அதே மாதிரி. 'லாட்ரின்', 'லாவட்டரி' இரண்டும் லத்தீனில் கழுவுதல் என்பதிலிருந்து வந்தவை. 'குளோசெட்' என்பது அடைத்த சிற்றறை. ஜெபம் செய்யவும் படிக்கவும் இருந்த அறை. 'பிரிவி' என்பது அந்தரங்கம். நம்மூரில் சொத்துத் தகராறு என்றால் 'பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்ப் பாத்துருவேன்' என்று பண்ணையார்கள் சவால் விடுவார்கள். 1949இல் இந்திய மேல்முறையீடுகள் நிறுத்தப்படும்வரை பேரரசின் உச்ச நீதிமன்றம் அது. அரசரின் அந்தரங்க ஆலோசனை மன்றத்துக்கும் கொல்லைப்புறத்துக் கக்கூசுக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்திருந்தது.

போதல், கழுவுதல், அடைத்தல், மறைத்தல், சிங்காரித்தல். இந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாமே பக்கத்தில் நடக்கிற ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. பீயை மட்டும் சொல்வதில்லை. கொஞ்ச காலத்தில் பொருளின் வாடை பெயரில் ஏறிவிடும். உடனே அடுத்த பெயர். அமெரிக்கன் பாத்ரூம் என்றான், ரெஸ்ட்ரூம் என்றான்; இன்று சென்னைக் கம்பெனிகளில் வாஷ்ரூம். ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் 1994இல் இதை ஒரு மிதிசக்கரமாக வர்ணித்தார். மனதிலிருக்கும் கருத்து மாறாதவரை எந்தப் புதுப்பெயரும் கறைபடும் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் கருத்து ஏன் மாறுவதில்லை என்று கேட்டால் மொழியியல் மட்டும் பதில் சொல்லாது. சக்கரத்தின் கீழே நிற்கிறவர் யார் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொமினிக் லபோர்த் 1978இல் மலத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அவர் எடுத்துக்கொள்கிற ஆண்டு 1539. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரெஞ்சு அரசர் ஓர் ஆணை போடுகிறார்: நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும். நவம்பரில் இன்னொரு ஆணை: பாரிஸ்வாசிகள் கழிவைத் தெருவில் கொட்டக்கூடாது, அவரவர் வீட்டில் குழி வெட்டிக்கொள்ள வேண்டும். மொழியைச் சுத்தம் செய்வதும் தெருவைச் சுத்தம் செய்வதும் ஒரே அரசின் ஒரே கைவேலை என்கிறார் லபோர்த். 'என் வீடு, என் மலம், என் அந்தரங்கம்' என்கிற தனிமனிதன் இப்படித்தான் உற்பத்தியாகிறான். தூய மொழி, தூய தெரு, தூய இனம் என்று அடுக்கிக்கொண்டே போகிற குரல்கள் நம் காதிலும் விழுவதால் இந்த இணைப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது.

இங்கிலாந்தில் சொல்லோடு குழாயும் வந்தது. 1596இல் ஜான் ஹாரிங்டன் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கருவியை விவரித்து எழுதியபோது அது சிரிப்புக்குரியதாகவே போயிற்று. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் வளைந்த குழாயில் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தாமஸ் கிராப்பர்தான் கண்டுபிடித்தார் என்பதும் அவர் பெயரிலிருந்தே மலத்துக்கான கொச்சைச் சொல் வந்தது என்பதும் கட்டுக்கதை. அவர் 1836இல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் இருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியதில் நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. பணம் ஒதுக்கினார்கள், ஜோசப் பசல்கெட் லண்டனுக்கு அடியில் பாதாளச் சாக்கடை கட்டினார். ஏழைகள் காலராவில் செத்தபோது அசையாத பணப்பை எஜமானர்களின் மூக்குக்கு அசைந்தது. எப்படியோ, இரவில் வந்து மலம் அள்ளிப்போன ஆட்களின் இடத்தைக் குழாய் படிப்படியாக எடுத்துக்கொண்டது.

நம் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய் வரவில்லை. சொல் மட்டும் கப்பலேறி வந்தது. குழாய் செய்ய வேண்டியதைச் செய்ய இங்கே ஏற்கனவே ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயர் சாதி.

4

'அழுக்கு வேலை, அதனால் இழிவு' என்று இதற்கு ஒரு பொதுப்புத்தி விளக்கம் சொல்லப்படுகிறது. அதையும் ஒரு வீட்டுச் சொல்லை வைத்தே சோதித்துவிடலாம். நம் வீட்டு மூலையில் கிடக்கிற ஸ்டூலும் ஆஸ்பத்திரியில் கேட்கிற ஸ்டூல் டெஸ்டும் ஒரே சொல்தான். உட்காரும் பலகை, மலம் கழிக்கும் பலகையாகி, கடைசியில் மலமே ஆயிற்று. டியூடர் மன்னர்களின் அரண்மனையில் 'ஸ்டூலின் காரியஸ்தர்' என்று ஒரு பதவி இருந்தது. அரசர் மலம் கழிக்கும்போது உடனிருந்து வேண்டியதைச் செய்கிற வேலை. அதற்குப் பெருங்குடிப் பிரபுக்கள் போட்டி போட்டார்கள். அரசரின் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் போக முடியாது. எட்டாம் ஹென்றியிடம் இந்தப் பதவியில் இருந்த ஹென்றி நோரிஸ், அரசியோடு கள்ள உறவு என்ற குற்றச்சாட்டில் 1536இல் தலை வெட்டப்படும்வரை அரண்மனையின் பெரிய மனிதர்களில் ஒருவர்.

அப்படியானால் இழிவு பீயில் இல்லை. யாருடைய பீயை யார் தொடுகிறார்கள் என்ற உறவில் இருக்கிறது. லண்டனில் குழி சுத்தம் செய்தவர்களையும் ஊர் ஒதுக்கிவைத்தது. இரவில் மட்டுமே வேலை செய்ய அனுமதித்தது. ஆனால் அங்கே மலம் அள்ளியவனின் பேரன் வேறு வேலைக்குப் போனால் அவன் வேறு ஆள். இங்கே? ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்து அவர் தோட்டி ஆவதில்லை, அந்த வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் பிறப்பாலேயே அவர் தோட்டி என்று அண்ணல் அம்பேத்கர் காட்டினார். மேசையிலிருந்து பீங்கான்வரை தாவிப்போக ஒரு துணிக்கு இருக்கிற சுதந்திரம் ஒரு மனிதருக்கு இல்லை.

டாய்லெட்டுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்த சொல் ஒன்று உண்டு: 'ஸ்காவெஞ்சர்'. இதன் மூலம் பிளெமிஷ் மொழியில் 'பார்த்தல்'. லண்டனுக்கு வரும் வெளியூர் வணிகர்களின் சரக்கைப் பார்வையிட்டு வரி வசூலித்த அதிகாரிதான் முதலில் இந்தப் பெயருக்கு உரியவர். பிறகு அவரே தெருச் சுத்தத்தை மேற்பார்வை பார்த்தார். பார்த்தவரின் பெயர் காலப்போக்கில் கூட்டியவரின் பெயராயிற்று. அதற்கப்புறம் செத்ததைத் தின்னும் கழுகுக்கும் நரிக்கும் அதே பெயர். அதிகாரியில் தொடங்கிக் கழுகில் முடிந்த இந்தச் சொல்லைத்தான் காலனிய நகராட்சிகள் இங்கே ஒரு வேலைக்குப் பெயராக வைத்தன. சுதந்திர இந்தியாவின் சட்டம் முன்னால் 'மேனுவல்' என்று ஒரு கையையும் சேர்த்துக்கொண்டது.

வடக்கே இன்னொரு வேடிக்கை. மலம் அள்ளுகிறவர்களை 'மேத்தர்' என்பார்கள். பாரசீகத்தில் அதன் பொருள் 'பெரியவர்', 'தலைவர்'. இந்துகுஷ் மலைப்பகுதியில் இருந்த சித்ரால் சமஸ்தானத்தின் மன்னருக்கும் பட்டம் மேத்தர்தான். ஒரே பெயர், ஒருவருக்கு மகுடம், ஒருவருக்குக் கூடை. பெயரை உயர்த்தினால் ஆள் உயர்ந்துவிடுவார் என்று நம்புகிறவர்கள் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

5

இனி நம் மொழி. 'வெள்ளைக்காரன்தான் மூடி மறைப்பவன், நாம் வெள்ளந்திகள்' என்று மார்தட்ட வழியில்லை. அவையில் சொல்லக் கூசுவதை வேறு வாய்பாட்டால் சொல்வதற்கு நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று பெயர் வைத்துத் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது. தகுதி என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் தகுதி? தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'ஆ' என்ற சொல்லும் 'பீ' என்ற சொல்லும் புணர்ந்து 'ஆப்பி' ஆவதற்கு விதி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அவர் 'பீ' என்று சொல்லவில்லை. ஈகாரம் ஏறிய பகரம் என்று சுற்றிவளைத்துச் சொல்கிறார். சாணியைச் சொல்லக்கூட இலக்கணத்துக்கு ஒரு துணி போர்த்த வேண்டியிருந்தது.

பேச்சுத் தமிழ் ஊருக்கு ஊர் வேறு வேறு துணிகளை வைத்திருக்கிறது. கொல்லைக்குப் போறது, வெளிக்கிப் போறது, காட்டுக்குப் போறது, ஒதுங்குறது, கால் கழுவப் போறது, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு. பெரும்பாலானவை இடத்தைச் சொல்கின்றன. கொல்லை யாருக்கு இருந்தது, காடு யாருக்குச் சொந்தம், இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குக் கும்பலாகப் போக வேண்டியவர்கள் யார் என்பதெல்லாம் இந்தச் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது. ஆண் 'ஒதுங்குவதற்கும்' பெண் 'ஒதுங்குவதற்கும்' உள்ள தூரத்தை எந்த அகராதியும் அளந்ததில்லை.

இவ்வளவு துணிகளுக்கு நடுவே அம்மணமாக ஒரு சொல் வந்து நின்றது: கக்கூஸ். இது ஒல்லாந்தர் கொண்டுவந்தது. டச்சு மொழியில் 'கக்' என்றால் பீ, 'ஹெளஸ்' என்றால் வீடு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும், 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்திலும், கொச்சியிலும் அவர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். அவர்கள் விட்டுப்போன காசு 'துட்டு' ஆனது. அவர்கள் அலுவலகம் ஈழத்தில் 'கந்தோர்' ஆனது. அவர்கள் பீவீடு தமிழ், மலையாளம், சிங்களம் மூன்றிலும் கக்கூஸ் ஆனது. நாம் பார்த்த அய்ரோப்பியச் சொற்களிலேயே எதையும் மறைக்காத சொல் இதுதான். அர்த்தம் தெரியாமல் எடுத்துக்கொண்டதால் நமக்கு அது கொஞ்ச காலம் நாகரிகமான அந்நியச் சொல்லாகவே இருந்தது. பிறகு அதுவும் நாறியது. படித்தவர் வீட்டில் லெட்ரின், அப்புறம் டாய்லெட், மேடையிலும் பாடநூலிலும் கழிப்பறை, கழிவறை, ஈழத்தில் மலசலகூடம். 'எடுப்புக் கக்கூஸ்' என்று ஒரு கூட்டுச்சொல் இருந்தது. யாரோ ஒருவர் எடுக்க வேண்டும் என்பதை அது ஒளிக்கவில்லை. அரசு மொழியில் அது 'உலர் கழிப்பறை' ஆனபோது எடுத்தவர் காணாமல் போனார்.

2017இல் திவ்யபாரதி தன் ஆவணப்படத்துக்குக் 'கக்கூஸ்' என்று பெயர் வைத்தது இந்தப் பின்னணியில் ஓர் அரசியல் செயல். சிங்காரச் சொல் எதையும் அவர் தேடிப் போகவில்லை. மலம் அள்ளுகிறவர்களின் முகத்தையும் பேச்சையும் அந்தப் படம் நேராகக் காட்டியது. பல ஊர்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. தகழியின் 'தோட்டியின் மகன்' நாவல் மலையாளத்தில் 1947இல் வந்தபோதே இலக்கியத்துக்குள் அந்த வாளியும் கூடையும் வந்துவிட்டன. அதைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. இலக்கியத்தில் வாடையடிக்கக் கூடாது என்று இன்றும் மூக்கைப் பொத்துகிறவர்கள் இதையெல்லாம் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

6

இதெல்லாம் பழங்கதை, இப்போது சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது. அங்கேயும் வேலை செய்வது சொல்தான்.

மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. அது பெரிதும் எடுப்புக் கக்கூசைப் பற்றிய சட்டம். சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்கியவர்கள் அதன் கண்ணில் படவில்லை. போராட்டங்களுக்குப் பிறகு 2013இல் புதுச் சட்டம் வந்தது. அதன் வரையறைப் பகுதியை நண்பர்கள் ஒரு பிரதியாக எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் ஒருவர் மலத்தைச் சுத்தம் செய்தால் அவர் 'மேனுவல் ஸ்காவெஞ்சர்' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கம் அதில் இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்குவதற்கு 'அபாயகரமான சுத்தம் செய்தல்' என்று தனிப்பெயர். அதுவும் பாதுகாப்புச் சாதனம் தராமல் இறக்கினால்தான் அபாயகரம். கையுறை ஒன்றைக் கொடுத்துவிட்டால் கை மறைந்துவிடுகிறது. மேசைமேல் விரித்த பழைய துணிதான், இப்போது ரப்பரில்.

இந்த வரையறை என்ன செய்யும் என்பதை 2021இல் பார்த்தோம். கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே ஆண்டு, அதே அரசு, 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்ததாகப் பதிவானவர்கள் 900க்கும் மேல் என்று கணக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ரெண்டு பதிலும் பொய் இல்லை. சட்டத்தின் அகராதிப்படி ரெண்டும் சரி. செத்தவர்கள் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 2014இல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. குழிக்குள் இறக்கியவர்கள் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் 10 கோடிக்கும் மேல் கழிப்பறை கட்டியதாக அரசு சொல்கிறது. அதை எதிர்க்க வேண்டியதில்லை. இருட்டுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் கிராமத்தில் கட்டியவற்றில் ஆகப் பெரும்பாலானவை பாதாளச் சாக்கடையோடு சேராதவை. அவற்றின் அடியில் குழியோ தொட்டியோ இருக்கிறது. குழி ஒருநாள் நிறையும். யார் திறப்பார் என்ற கேள்வி சுவரில் வரைந்த காந்தியின் கண்ணாடிக்குத் தெரிவதில்லை. இதற்கிடையே பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தோட்டி துப்புரவுப் பணியாளர் ஆனார். 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியது. சாக்கடை வேலையை இயந்திரமயமாக்குவதாகச் சொல்லும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் சுருக்கப் பெயர் 'நமஸ்தே'. வசைச்சொல் போவது நல்லதுதான். ஒரு மனிதரைச் சாதிப் பெயரால் கூவி அழைப்பது நிற்க வேண்டியதுதான். ஆனால் நிரந்தர வேலை கேட்டால் ஒப்பந்தம், சம்பளம் கேட்டால் கும்பிடு என்றால் அது சித்ரால் மன்னரின் பட்டத்தைக் கூடை சுமப்பவருக்குக் கொடுத்த பழைய கதைதான்.

எழுதுகிறவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? இன்னொரு நல்ல சொல் கண்டுபிடித்துத் தருவது நம் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. வாக்கியத்தைச் சரியாக எழுதலாம். செப்டிக் டேங்க் சாவு ஒவ்வொன்றுக்கும் நம் பத்திரிகைகள் வைத்திருக்கிற தலைப்பு ஒன்றுதான்: 'விஷவாயு தாக்கி' இத்தனை பேர் பலி. அந்த வாக்கியத்தில் தாக்குவது வாயு. வாயுவுக்குச் சாதி இல்லை, வீட்டுக்காரர் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை, நகராட்சி ஆணையர் இல்லை. அதன்மேல் முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது. 'டாய்லெட்' என்ற துண்டுத் துணி முந்நூற்றைம்பது வருஷமாகச் செய்த வேலையை இந்த ஒரு தலைப்பு ஒரே வரியில் செய்துவிடுகிறது. இன்னார் வீட்டுத் தொட்டியில், இன்னார் ஒப்பந்தத்தில், இன்னார் இறக்கிக் கொன்றார்கள் என்று எழுதிப் பார்க்கட்டும். எழுவாய் மாறினால் வழக்கு மாறும். ஒவ்வொரு ஊரிலும் கழிவுநீர் வண்டி எத்தனை, மனிதர் இறங்காமல் வேலை நடக்கிறதா, இறங்கினால் யார் உத்தரவில் இறங்குகிறார்கள் என்று உள்ளாட்சிகளிடம் எழுத்தில் கேட்க இயக்கங்களால் முடியும். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. பதில் வரும்போது அதில் எழுவாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.